விளம்பரப் பலகையிலிருந்து வெப்கேம் வரை: கணக்குப் போட்டு ஆள் எடுத்த கதை

கொஞ்ச நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை எங்கள் நாக்பூர் வீட்டில் ஊரடங்கு. மகள் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறாள். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஆன்லைன் தேர்வு. மூன்று கணக்கு, தொண்ணூறு நிமிடம். மடிக்கணினியின் கேமரா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அறைக்குள் யாரும் வரக்கூடாது, பேச்சுச் சத்தம் கேட்கக்கூடாது, திரையில் வேறு பக்கம் திறக்கக்கூடாது என்று ஒரு முழுப் பக்கத்துக்கு விதிமுறைகள். வீட்டில் குக்கர் வைக்கவில்லை. கீழ்வீட்டுக்காரரிடம் போய், அவர் பையனின் தபேலா பயிற்சியை மத்தியானத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லி எனக்குத் தெரிந்த மராட்டியில் கெஞ்சிவிட்டு வந்தேன்.

எல்லாவற்றையும் யோசித்த நாங்கள், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவை யோசிக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு, பேத்தி காலையிலிருந்து பட்டினி கிடக்கிறாளே என்று டம்ளரில் காபியோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். "ஏட்டி, ஆறிப்போகும். குடிச்சிட்டு எழுது."

திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்ததாம், இன்னொரு நபர் தென்படுகிறார் என்று. இரண்டு வாரம் கழித்து, தேர்வாகவில்லை என்று மட்டும் ஒரு மின்னஞ்சல். காரணம் எதுவும் இல்லை. ஆச்சியின் காபியால் போனதா, மூன்றாவது கணக்கு முடியாததால் போனதா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அம்மாவிடம் இதைச் சொல்லவும் இல்லை.

அன்று ராத்திரி மகள் கேட்டாள்: "அப்பா, இப்படிப் புதிர் போட்டு ஆள் எடுக்கிறதை முதல்ல யாருப்பா கண்டுபிடிச்சது? அந்த ஆளை நான் பார்க்கணும்."

நான் பி.காம். படித்தவன். நிரல் எழுதத் தெரியாது. ஆனால் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவன் என்பதால் கேள்வி பிடித்துக்கொண்டது. வாசித்தது, விசாரித்தது எல்லாவற்றையும் சேர்த்து அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளியூரில் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு உபயோகப்படலாம்.

*

முதலில் ஒரு யுத்த காலக் கதை. கணினி இல்லாத காலம், ஆனாலும் இதுதான் பூர்வீகம்.

1942 ஜனவரி, லண்டன். 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிர் ரொம்ப சுலபமாகிவிட்டது என்று வாசகர்கள் சிலர் முணுமுணுக்க, கேவின் என்ற ஒரு கனவான் சவால் விட்டார். பன்னிரண்டு நிமிடத்துக்குள் யாராவது போட்டு முடித்தால் தர்ம காரியத்துக்கு நூறு பவுண்டு தருகிறேன் என்றார். பத்திரிகை ஒரு சனிக்கிழமை ஆர்வலர்களைத் தன் அலுவலகத்துக்கே வரவழைத்து உட்கார வைத்தது. சிலர் நேரத்துக்குள் முடித்தும் விட்டார்கள். எல்லாரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

சில வாரங்கள் கழித்து, கலந்துகொண்டவர்களில் சிலருக்கு ராணுவத்திடமிருந்து கடிதம் வந்தது. தேச முக்கியத்துவம் வாய்ந்த ஒரு விஷயமாகப் பேச வேண்டும், வந்து பார்க்கவும் என்று. போனவர்களுக்கு பிளெட்ச்லி பார்க்கில் வேலை. ஜெர்மானியர்களின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்துக்கொண்டிருந்த இடம் அது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த வேலைக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் கிடையாது. ஆரம்பத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் தொடர்பு உள்ளவர்களை, தெரிந்தவர் சொன்ன ஆட்களை எடுத்தார்கள். அது போதவில்லை. தெரிந்தவர் வட்டத்துக்கு வெளியே இருக்கும் மூளைகளைப் பிடிக்க ஒரு புதிர் தேவைப்பட்டது.

*

அடுத்து 1950கள், அமெரிக்கா. கணினிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு நிரல் எழுத ஆள் இல்லை. அமெரிக்காவிலேயே முதல் கணினி அறிவியல் துறை பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1962-ல்தான் வந்தது. அப்படியானால் அதற்கு முன் யாரை எப்படி எடுப்பது?

ஐபிஎம் நிறுவனம் 1955-ல் ஒரு திறனறித் தேர்வைக் கொண்டுவந்தது. ஒரு மணி நேரம். மூன்று பகுதி. எண் வரிசையில் அடுத்தது என்ன, படங்களுக்குள் என்ன ஒற்றுமை, பிறகு கணக்கு. வங்கித் தேர்வு எழுதியவர்களுக்கு இதைப் படிக்கும்போதே சிரிப்பு வரும். நாம் 'ரீசனிங்' என்று மனப்பாடம் செய்த அதே சரக்குதான்! இந்தத் தேர்வு அமெரிக்கக் கம்பெனிகளில் காட்டுத்தீ மாதிரி பரவியது. 1960களில் வருடத்துக்கு லட்சக்கணக்கானோர் எழுதினார்கள்.

நல்லதும் நடந்தது. இசை படித்தவர், தத்துவம் படித்தவர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும் நிரலாளர் ஆனார்கள். என்ன படித்தாய் என்று கேட்காமல் இதைப் போட்டுக் காட்டு என்றால் கதவு அகலமாகத்தானே திறக்கும்?

ஆனால் அதே தேர்வு இன்னொரு பக்கம் கதவைச் சாத்தவும் செய்தது. அமெரிக்காவின் 'எனியாக்' கணினிக்கு 1940களில் முதன்முதலில் நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். இருபது வருடம் கழித்து அது ஆண்களின் தொழில் என்ற எண்ணம் வந்துவிட்டது. நேதன் என்ஸ்மெங்கர் என்ற வரலாற்று ஆசிரியர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். திறனறித் தேர்வுகள் கணக்கை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தன. அந்தக் காலத்தில் கணக்கு அதிகம் படித்தவர்கள் ஆண்பிள்ளைகள். அது போக, தேர்வின் விடைகள் ஆண்கள் மட்டும் இருக்கும் கல்லூரிச் சங்கங்களில் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்து 'கொஸ்டின் பேப்பர் அவுட்'!

1966-ல் கேனன், பெர்ரி என்ற இரண்டு உளவியலாளர்கள், வேலையில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரலாளர்களை ஆராய்ந்து, அவர்களுக்குப் புதிர்கள் பிடிக்கும், மனிதர்களோடு பழகப் பிடிக்காது என்று எழுதினார்கள். இருக்கிற ஆட்கள் பெரும்பாலும் ஆண்கள், அவர்களும் புதிர்த் தேர்வால் வடிகட்டி எடுத்தவர்கள். அவர்களை அளந்து பார்த்துவிட்டு இதுதான் நல்ல நிரலாளரின் லட்சணம் என்றால் எப்படி? சல்லடையில் தங்கியதைப் பார்த்து உலகத்தில் உள்ள கல்லெல்லாம் இந்த அளவுதான் என்று சொல்வது மாதிரி. ஆனால் கம்பெனிகள் அந்த லட்சணத்தைப் பிடித்துக்கொண்டன. யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பையன்தான் நல்ல நிரலாளர் என்று நம் சினிமாவில்கூட வருகிறதே, அதற்கு இப்படி ஒரு பூர்வகதை உண்டு.

*

இனி 2004-க்குத் தாவுகிறேன். இடையில் இணையம் வந்துவிட்டது. இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இதில் வட்டிக் கணக்கு வருகிறது :-)

அந்த வருடம் ஜூலையில் கலிபோர்னியாவின் 101-ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. வெள்ளைப் பின்னணியில் ஒரே ஒரு வரி. கம்பெனிப் பெயர் இல்லை, படம் இல்லை. 'ஈ' என்ற எண்ணின் இலக்கங்களில் தொடர்ச்சியாக வரும் முதல் பத்து இலக்கப் பகா எண் எதுவோ, அது, டாட் காம். அவ்வளவுதான்.

'ஈ' என்றால் என்ன? நம் தொழில்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ஒரு ரூபாயை வருடம் 100 சதவீத வட்டிக்குப் போடுங்கள் (அப்படி ஒரு வங்கி இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்). வருடக் கடைசியில் ஒரே தடவை வட்டி சேர்த்தால் 2 ரூபாய். அரையாண்டுக்கு ஒரு தடவை சேர்த்தால் 2.25. காலாண்டுக்கு என்றால் 2.44. மாதாமாதம் என்றால் 2.61. தினமும் என்றால் 2.71. நொடிக்கு நொடி சேர்த்தாலும் தொகை எங்கேயோ போய்விடாது. 2.71828... என்று ஓர் இடத்தை நெருங்கி நின்றுவிடும். 1683-ல் யாக்கோப் பெர்னூலி கூட்டு வட்டியை யோசித்துக்கொண்டிருந்தபோது மாட்டிய எண் இது. இதன் தசம இலக்கங்களுக்கு முடிவே கிடையாது.

அந்த முடிவில்லாத வரிசையில் பத்துப் பத்து இலக்கமாக நகர்த்தி எடுத்து, ஒவ்வொன்றும் பகா எண்ணா என்று பார்க்க வேண்டும். கையால் ஆகிற காரியமில்லை. சின்னதாக ஒரு நிரல் எழுதினால் நொடியில் வந்துவிடும். விடை 7427466391. அந்த முகவரிக்குப் போனால் இரண்டாவது புதிர். நான்கு எண்கள் கொடுத்து ஐந்தாவது என்ன என்று கேட்டிருந்தார்கள்: 7182818284, 8182845904, 8747135266, 7427466391. நான்கும் அதே 'ஈ'யிலிருந்து எடுத்தவை. ஒரு காகிதத்தில் ஒவ்வொன்றின் இலக்கங்களையும் கூட்டிப் பாருங்கள். எல்லாம் 49. ஆக, இலக்கங்களின் கூட்டு 49 வரும் அடுத்த பத்து இலக்கத்தைத் தேட வேண்டும். அது 5966290435. அதைப் போட்டு உள்ளே போனால்தான், இத்தனையும் செய்தது கூகுள் என்று தெரியும். சுயவிவரத்தை அனுப்புங்கள் என்று ஒரு பக்கம் வரும்.

வேலைக்கு விண்ணப்பிக்கிறோம் என்று தெரியாமலே ஒருவர் விண்ணப்பித்துவிடுகிறார்! சும்மா, தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாதே என்ற அரிப்பில் நிரல் எழுதிப் பார்க்கிறவர்தான் கூகுளுக்கு வேண்டும். நாம் தேடிப் போவதைவிட, தேடுகிறவர் நம்மைத் தேடி வரட்டும் என்பது அவர்கள் யோசனை. ஆனால் விடை இணையத்தில் பரவியதும் பலகையின் வேலை முடிந்துவிட்டது. ஒரு புதிரை ஒரு தடவைதான் கேட்க முடியும். தினமும் புதுப் புதிர் போட்டு, தானாகவே திருத்தவும் செய்யும் இயந்திரம் வேண்டும்.

*

அந்த இயந்திரத்தை ஏற்கெனவே ஒருவர் செய்து வைத்திருந்தார். 2001-ல் ஜாக் ஹியூஸ் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய 'டாப்கோடர்'. ஒரு சுற்றுக்கு மூன்று கணக்கு, 75 நிமிடம். உலகத்தில் எங்கிருந்தும் போட்டியிடலாம். செஸ் ஆட்டக்காரர்களுக்கு இருப்பது போல ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் ஏறும், இறங்கும். அதற்கேற்ப பெயரின் நிறமும் மாறும். கூகுள் 2003-ல் நடத்திய முதல் 'கோட் ஜாம்' போட்டி இவர்கள் தளத்தில்தான் நடந்தது. முதல் பரிசு ஒரு ஸ்வீடன்காரருக்குப் போனது. 2005-ல் இந்தியாவுக்கென்றே ஒரு கோட் ஜாமையும் கூகுள் நடத்தியது.

அப்படி என்ன கேட்கிறார்கள் என்று மகளிடம் கேட்டேன். அவள் எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொன்னாள்.

"அப்பா, சாயங்காலம் உங்க பிராஞ்ச்ல கணக்கு ஒத்துவராம, குறிப்பிட்ட ஒரு தொகை வித்தியாசம் வருதுன்னு வைங்க. ஒரு லட்சம் வவுச்சர் இருக்கு. அதுல எந்த ரெண்டைக் கூட்டினா அந்தத் தொகை வரும்?"

நான் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்ப்பேன் என்றேன். பழைய லெட்ஜர் காலத்தில் அப்படித்தான் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறோம். அது கிட்டத்தட்ட 500 கோடி ஜோடி என்றாள். கணினிக்கே நேரம் பிடிக்கும். தேர்வில் ஒன்றிரண்டு நொடிதான் அனுமதி. அதற்குப் பதிலாக, வவுச்சர்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும். ஒரு கையைச் சிறியதிலும் இன்னொரு கையைப் பெரியதிலும் வைக்க வேண்டும். கூட்டினால் தொகை அதிகமாக வருகிறதா, பெரிய பக்கத்தில் ஒன்று கீழே இறங்கு. குறைவா, சிறிய பக்கத்தில் ஒன்று மேலே ஏறு. இரண்டு கையும் சந்திப்பதற்குள் விடை வந்துவிடும். அடுக்குவதற்குச் சுமார் 17 லட்சம் படிகள், தேடுவதற்கு அதிகபட்சம் ஒரு லட்சம். 500 கோடி எங்கே, 18 லட்சம் எங்கே!

இதைத் திருத்தவும் ஆள் வேண்டாம். நாம் எழுதிய நிரலுக்கு, நம் கண்ணுக்குக் காட்டாத பத்து இருபது சோதனை உள்ளீடுகளைக் கொடுத்து ஓட்டுவார்கள். ஒன்றுமே இல்லாத பட்டியல், எல்லாம் ஒரே தொகை, மைனஸ் தொகை என்று குசும்பான உள்ளீடுகளும் இருக்கும். எத்தனை தேறுகிறதோ அத்தனை மதிப்பெண். திருத்துகிறவருக்கு உங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, சாதி தெரியாது, உங்கள் ஆங்கிலம் எப்படி என்றும் தெரியாது. எனக்கு இதில் இருந்த நியாயம் பிடித்திருந்தது.

*

இந்த நியாயம் அதிகமாகத் தேவைப்பட்ட நாடு நம்முடையது. தமிழ்நாட்டில் மட்டுமே பொறியியல் கல்லூரிகள் ஒரு காலத்தில் ஐந்நூறைத் தாண்டின. பெரிய கம்பெனிக்காரர்கள் எத்தனை கல்லூரிக்குப் போவார்கள்? ஐஐடி, என்ஐடி, அண்ணா பல்கலைக்கழகம், இன்னும் நாலைந்து பெயர் பெற்ற கல்லூரிகள். அதோடு கார் திரும்பிவிடும். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கல்லூரியில் படித்த பையன், கேம்பஸ் என்றால் காம்பவுண்டுச் சுவருக்குள் இருக்கிற இடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

இங்கேதான் நம் ஊர் தொடர்பு வருகிறது. திருச்சி என்ஐடியில் படித்த விவேக் ரவிசங்கர், ஹரி கருணாநிதி என்ற இரண்டு பேர் 2009-ல் 'இன்டர்வியூஸ்ட்ரீட்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒருவர் அமேசானிலும் ஒருவர் ஐபிஎம்மிலும் வேலை பார்த்தவர்கள். முதலில் அவர்கள் நினைத்தது வேறு. மாணவர்களுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்திப் பயிற்சி கொடுக்கலாம் என்பது திட்டம். அது ஓடவில்லை. பிறகு பக்கத்தை மாற்றி, நிறுவனங்களுக்காக நிரல் தேர்வு நடத்தத் தொடங்கினார்கள். ஆயிரம் விண்ணப்பம் வந்தால் ஆயிரம் பேரையும் எழுதச் சொல், மேலே வருகிற ஐம்பது பேரோடு மட்டும் பேசு. 2011-ல் அமெரிக்காவின் 'ஒய் காம்பினேட்டர்' இவர்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே இடம் பிடித்த முதல் இந்திய நிறுவனம் இதுதான் என்பார்கள். 2012-ல் 'ஹேக்கர்ரேங்க்' என்று பெயர் மாறியது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் பெயர்.

அதே 2009-ல் மும்பையின் டைரக்டி நிறுவனம் 'கோட்செஃப்' போட்டித் தளத்தைத் தொடங்கியது. 2012-ல் பெங்களூரில் 'ஹேக்கர்எர்த்' வந்தது. அதே வருடம் டிசிஎஸ் நிறுவனம் 'கோட்விட்டா' என்று மாணவர் போட்டி தொடங்கியது. கல்லூரிக்கு நேரில் போய்த் தேர்வு வைத்துக்கொண்டிருந்த டிசிஎஸ், 2018-ல் நாடு முழுவதற்கும் பொதுவான தகுதித் தேர்வுக்கு மாறியது.

இதெல்லாம் நம்மவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெங்களூரில் மாமா இல்லாதவர்களுக்குத்தான் புரியும்.

*

இனி மறுபக்கம். மகளிடம் இதையும் மறைக்கவில்லை.

புதிருக்குப் பேர்போன கூகுளே 2013-ல் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. அப்போது அங்கே ஊழியர் விவகாரங்களின் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், நேர்முகத் தேர்வில் கேட்கிற மூளைப் புதிர்கள் சுத்த நேர விரயம், வேலையில் எப்படி இருப்பார் என்பதை அவை சொல்வதே இல்லை, கேட்கிறவருக்குத் தான் பெரிய அறிவாளி என்ற நினைப்பு வரத்தான் உதவும் என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். நிரல் எழுதச் சொல்லும் கணக்குகளை மட்டும் விடவில்லை. அதிலும் 2015-ல் ஒரு கூத்து. ஆப்பிள் கணினிகளில் நிரலாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் 'ஹோம்ப்ரூ' மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹாவெல் கூகுளுக்குப் போனார். உங்கள் ஊழியர்களில் பெரும்பாலோர் நான் எழுதிய மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பலகையில் ஒரு பாடப்புத்தகக் கணக்கைப் போடத் தெரியவில்லை என்று எனக்கு வேலை இல்லை என்கிறீர்கள் என்று ட்விட்டரில் புலம்பினார். உலகமே சிரித்தது.

2020-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். 48 மாணவர்கள். பாதிப் பேர் தனி அறையில் அமைதியாகக் கணக்குப் போட்டார்கள். மீதிப் பேர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டார்கள். பார்க்கப்பட்டவர்களின் மதிப்பெண் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. தனியாக எழுதிய பெண்கள் எல்லாரும் தேறினார்கள். பார்வைக்கு முன்னால் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. சிறிய சோதனைதான், பெண்கள் எண்ணிக்கையும் குறைவு. ஆனாலும் வெப்கேமுக்கு முன்னால் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மகளை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் டியூஷன். பரீட்சை என்று ஒன்று வந்துவிட்டால் அதன் பின்னால் பயிற்சி வகுப்பு வராமல் இருக்குமா? 'லீட்கோட்' என்ற தளத்தில் ஆயிரக்கணக்கில் பழைய கணக்குகள். நான் மேலே சொன்ன வவுச்சர் கணக்கின் ஒன்றுவிட்ட தம்பிதான் அங்கே முதல் கணக்கு. நூற்றுக்கணக்கில் போட்டுப் பழகியவனுக்குத் தேர்வில் கேள்வியைப் பார்த்ததும் ஜாடை தெரிந்துவிடும். பழகாதவன் அங்கேயே புதிதாக யோசிக்க வேண்டும். யார் புத்திசாலி? ஐபிஎம் தேர்வின் விடைகள் சங்கங்களில் சுற்றியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்தான். இது சட்டப்படி கிடைக்கிறது.

கடைசி அடி 2022-ல் விழுந்தது. அந்த வருடத் தொடக்கத்தில், டீப்மைண்டின் 'ஆல்பாகோட்' என்ற செயற்கை நுண்ணறிவு, நிரல் போட்டிகளில் சராசரி மனிதப் போட்டியாளர் அளவுக்கு வந்துவிட்டது. நவம்பரில் 'சாட்ஜிபிடி' வந்தது. அதற்குப் பிறகு வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் எழுதுவது யார் என்பதே சந்தேகமாகிவிட்டது. கேமராவின் கெடுபிடியும் கூடியது. ஆச்சியின் காபி டம்ளர் இப்படித்தான் குற்றப் பத்திரிகையில் சேர்ந்தது. இருபது வருடம் நடந்த கோட் ஜாமை 2023-ல் கூகுள் நிறுத்திவிட்டது. நேர்முகத்தில் ஒரு சுற்றாவது ஆளை நேரில் உட்கார வைத்துப் பார்க்கப் போகிறோம் என்று 2025-ல் சுந்தர் பிச்சை சொன்னார்.

சுற்றிச் சுற்றி, 1942-ல் டெலிகிராப் அலுவலகத்தில் போட்ட மேசைக்கே வந்து நிற்கிறோம்.

*

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகள், "அப்போ இந்தப் பரீட்சை எல்லாம் வேஸ்ட்தானேப்பா?" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. 1999 ஞாபகம் வந்தது.

அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பேங்க் வேலைக்கெல்லாம் பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டும் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அதிகாலை பஸ் பிடித்து மதுரைக்குப் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து எழுதினேன். எண் வரிசையில் அடுத்தது என்ன? ஏ என்பவர் பி-க்கு என்ன உறவு? இருபத்தைந்து வருட சர்வீஸில் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் அடுத்த எண் என்ன என்று கேட்டதில்லை. புருஷன் செத்துப் பத்து நாளில், நாமினி பெயர் இல்லாத பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வருகிற பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எந்தப் பரீட்சையும் என்னைக் கேட்டதில்லை. நல்ல வங்கி ஊழியனுக்கு வேண்டிய எதையும் அந்தத் தாள் அளக்கவில்லை.

ஆனால் அந்தத் தாளில் அப்பா பெயருக்கு மதிப்பெண் இல்லை. யார் அனுப்பினார்கள் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை மகன் உள்ளே வர அது போதுமாயிருந்தது.

அதனால் மகளிடம் இப்படிச் சொன்னேன். "பரீட்சையில ஆயிரம் குறை இருக்குமா. ஆனா பரீட்சைக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன இருந்ததுன்னு உனக்குத் தெரியாது. சிபாரிசுதான் இருந்தது. இதை எடுத்துட்டா அது திரும்பி வந்து உட்கார்ந்துக்கும்."

என் பயமும் அதுதான். இயந்திரம் ஏமாற்றுகிறது, இனி நேரில் பார்க்கிறோம் என்பது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஆயிரம் பேரை நேரில் பார்க்க முடியாது. அப்போது யாரை அழைப்பார்கள்? பெயர் பெற்ற கல்லூரியை. உள்ளே வேலை செய்கிறவர் அனுப்பிய சுயவிவரத்தை. இரண்டும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்த ஒரு ஜன்னல், சத்தமில்லாமல் சாத்தப்படலாம். கேமராவுக்கு முன் எழுதும் தேர்வைத் திட்டும்போது இதையும் மறக்க வேண்டாம்.

வங்கியில் ஒரு வழி உண்டு. கணினித் தேர்வென்றாலும் வீட்டில் எழுத விடமாட்டார்கள். தேர்வு மையத்துக்கு வர வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும். எந்த ஊர், எந்தக் கல்லூரி ஆனாலும் எல்லாருக்கும் ஒரே ஹால். மென்பொருள் கம்பெனிகள் நாலைந்து சேர்ந்து மாவட்டத் தலைநகர் தோறும் அப்படி ஒரு ஹால் எடுத்தால் என்ன குறைந்துவிடும்? எனக்குத் தெரிந்த யோசனை அவ்வளவுதான். ஆச்சிகளும் நிம்மதியாக வீட்டில் காபி போடலாம்.

மகள் அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை அம்மாவுக்கு அன்று காலை கோவிலில் வேலை இருக்கிறது; தற்செயலாக அமைந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படித் தேர்வு நடந்திருக்கும். பிள்ளைகள் எப்படி எழுதினார்கள், எந்தக் கதவு திறந்தது, எது திறக்கவில்லை என்று எழுதுங்கள். மகளுக்கும் படித்துக் காட்டுகிறேன்.